மச்சான் பெயரில் ஒரு வைத்தியம்

அவசரத்தில் பொய் சொல்லும் திறமை எனக்கு அறவே கிடையாது. இது தெரியாமல்தான் நான் திட்டக்குடிக்கு பஸ் ஏறினேன்.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பீங்கான் பொம்மை வார்க்கும் வேலை எனக்கு. கல்யாணமாகி இரண்டாம் வருடம். மூன்று மாதமாக மனைவியின் பக்கத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகையும் வந்தது. (பிள்ளையார் பொம்மையைப் பார்த்துக்கூட அழுதிருக்கிறேன்.) துக்கத்தால் அது போனதா, அது போனதால் துக்கமா என்று ஒரே குழப்பம்.

என் மனைவி தனத்துக்குக் குழப்பமே இல்லை. "என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. எங்க வூட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

பயந்துபோய்த்தான் தெரிந்தவர் யாருமில்லாத ஊராகப் பார்த்துப் போனேன். டாக்டர் அறை வாசலில் சீட்டு எழுதும் அம்மா, "பேரு, ஊரு?" என்றார். சொந்தப் பெயரையா சொல்வது? வாயில் வந்தது மச்சான் பெயரும் அவன் ஊரும்.

"குமரவேல், கருவேப்பிலங்குறிச்சி."

"என்ன பண்ணுது?"

முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லுங்க."

சொல்லித் தொலைத்தேன்.

மறுவாரம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "கழுத்துல இருக்கற தைராய்டு ரொம்பக் கம்மியா சுரக்குது. மனசு சோர்ந்ததும் அதனாலதான், மத்ததும் அதனாலதான்" என்றார்.

"கழுத்துக்கும் அதுக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"அங்க சுரக்கற ஹார்மோனுதான் ஒடம்பு பூரா வேல செய்யுது. மாத்திரை போடுங்க, சரியாவும்."

மாத்திரையோடு திரும்பினால் வீட்டில் தனம் இல்லை. தேடிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரே அழுகை. குமரவேலுக்கு ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க நாள் குறித்திருந்த, எனக்கு இன்னும் சொல்லியிராத திட்டக்குடி சம்பந்தம் முறிந்துவிட்டதாம். சீட்டு எழுதிய அம்மா அந்தப் பெண்ணின் சித்தி!

"நான் அந்தப் பக்கமே போவல மாமா" என்று மச்சான் என்னிடமே முறையிட்டான். மாமியார் அவனுக்காக லேகியம் வேறு கிண்டிக்கொண்டிருந்தார்.

"அது நான்தாங்க" என்றேன்.

"எது நீங்க?" என்றார் மாமனார்.

கழுத்தைத் தொட்டுத் தொட்டு விளக்கினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தனத்துக்கு மட்டும் புரிந்தது. "அப்ப என்னப் புடிக்காம இல்லியா?" என்று எல்லார் முன்னாலும் அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகைக்குக் காரணம் தைராய்டு இல்லை.

மறுநாளே சித்தி முன்னால் போய் நின்று, குமரவேல் நானில்லை என்று ஒப்புக்கொண்டேன். சம்பந்தம் திரும்பியது. சில மாதங்களில் என் சிரிப்பும் மற்றதும் திரும்பின.

மச்சான் மட்டும் இன்னும் மறக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் பெயரைத்தான் கொடுக்கிறான். திட்டக்குடி சீட்டுகளின்படி எனக்குக் கடைவாய்ப் பல் இல்லை, இரண்டு முறை மூலம் வந்து போயிருக்கிறது.