கூட்டுச் சேவைப் பிரிவு

நிர்வாகம் என்ற உன்னதக் கலை எதற்காகத் தோன்றியது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், எங்கள் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு ஒருமுறை வரட்டும். நான் இங்கே ஒருங்கிணைப்பாளர். எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்று ஆட்டிசத்துக்கு, மற்றது பார்வையின்மைக்கு. ‘ஒரு குழந்தை, ஒரு கதவு’ என்பது எங்கள் கொள்கை.

இந்தக் கொள்கையைக் கொஞ்சமும் மதிக்காமல் ஒரு சிறுமி பிறந்துவிட்டாள். கண் தெரியாது, ஆட்டிசமும் உண்டு, பேச்சும் வரவில்லை. தையல் வேலை செய்யும் அவள் அம்மா, எங்கள் ஒப்புதல் பெறாமலே ஒரு மொழியை உண்டாக்கியிருந்தார். ஒரு துணிப்பை, அதற்குள் சில பொருள்கள். சிறுமி கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தால் பசி. துண்டைக் கொடுத்தால் குளியல். பழைய ஒற்றைச் செருப்பைக் கொடுத்தால், வீட்டுக்குப் போகலாம்.

“இதை மட்டும் டீச்சருங்க பழகிக்கிட்டா போதும் சார். அவ சொல்றது புரிஞ்சிடும்.”

“பழகலாம்மா. முதல்ல அவ எந்த ரூம்னு முடிவாகட்டும்.”

ஆட்டிசம் அறை டீச்சர் பட அட்டைகளில் கைதேர்ந்தவர். ஆப்பிள் படத்தை ஒரு வாரம் சிறுமியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

“பார்க்கவே மாட்டேங்குறா சார். ஒத்துழைப்பே இல்ல.”

“அவளுக்குத்தான் கண்ணு தெரியாதே டீச்சர்,” என்றார் அம்மா.

“அது எதிர் ரூம் விஷயம்மா.”

எதிர் அறை ஆசிரியர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பவர். திடீரென்று தொட்டால் சிறுமி அலறுவாள். “அலறலுக்கு அங்க போங்க,” என்று அவர் பழையபடி ஆட்டிசம் கதவைக் காட்டினார்.

மையத்தின் நிர்வாகக் குழு கூடியது. டீயும் பிஸ்கட்டும் வந்தன.

“காலையில ஆட்டிசம், மத்தியானம் பார்வைன்னு அவ மாத்திக்க முடியுமா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“அவங்கம்மாகிட்ட கேட்டுப் பார்ப்போம்,” என்றார் இன்னொருவர்.

கடைசியில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு பிறந்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே, நடைபாதையில், ஒரு நாற்காலி. அதற்குப் பெயர் ‘கூட்டுச் சேவைப் பிரிவு’.

குழுத் தலைவர் வந்து நாற்காலிக்கு ரிப்பன் வெட்டினார். கைதட்டலில் சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு பையைத் துழாவி, செருப்பை எடுத்து, பக்கத்தில் அகப்பட்ட கையில் வைத்தாள். அது தலைவரின் கை.

“பாருங்கய்யா, எனக்குப் பரிசு குடுக்குது குழந்தை,” என்று தலைவர் உருகிப்போனார்.

“பரிசு இல்லங்க. வீட்டுக்குப் போகலாம்னு சொல்றா. குடுத்துடுங்க, அது அவளுக்கு வேணும்,” என்றார் அம்மா.

“என்ன தன்னடக்கம்,” என்று தலைவர் செருப்பை உயர்த்திப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார்.

செருப்பு இப்போது வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, ‘நன்றியின் சின்னம்’ என்ற அட்டையோடு. அம்மா அதைக் கேட்டு வந்தார்.

“அதோட ஜோடி இருக்குமேம்மா?” என்றேன்.

“அதைத் தடவிப் பார்த்துட்டு வீசிடுறா சார். அவளுக்கு இதுதான் அந்த வார்த்தை. நாள் பூரா பையைத் துழாவிக்கிட்டே இருக்கா.”

மையத்தின் சொத்தை எடுத்துக் கொடுக்கக் குழு கூட வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்கி அனுப்பினேன்.

எங்கள் சேவையின் தரத்துக்கு வேறு சான்று வேண்டுமா? அன்றிலிருந்து அந்தச் சிறுமி வீட்டுக்குப் போகலாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அலமாரிச் சாவி என்னிடம் அல்லவா இருக்கிறது.