வரையறைப்படி தூங்கினார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்த உண்மையையும் நிரூபிக்கக் கூடாது. (பி.எட்.டில் இதைத் தவிர எல்லாம் சொல்லித்தந்தார்கள்.)

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக அறிவியல் டீச்சராக இருந்தேன். நிரந்தரமாக்கும் முன் தாளாளர் என் பாடத்தை உட்கார்ந்து பார்ப்பார். எந்த வயதுப் பிள்ளைகளையும் சமாளிக்கிறேனா என்று பார்க்க மூன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு எல்லாவற்றையும் ஒரே ஹாலில் அடைத்துவிட்டார். வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் “கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கிடலாம்” என்று நான் வாய் திறக்க முடியும்.

அன்றைய பாடம் செயல்முறை வரையறை. ஒன்றை வெறும் வார்த்தையில் விளக்காமல், என்ன செய்து பார்த்தால் அது தெரியும் என்று சொல்வது. யார் செய்து பார்த்தாலும் ஒரே பதில் வர வேண்டும். உலகத்தில் எத்தனையோ இருக்க, நான் எடுத்த உதாரணம் தூக்கம். (நாக்கில் சனி.)

“ஒருத்தர் தூங்குதாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கண்ணை மூடியிருப்பாவ டீச்சர்!” என்றது மூன்றாம் வகுப்பு.

“சாமி கும்பிடும்போதும் மூடுதோம்லா?”

ஆறாம் வகுப்பு யோசித்தது. மூக்குக்கு முன்னால் பிச்சிப்பூ இதழைப் பிடித்தால் அது நிதானமாக ஆட வேண்டுமாம். “அதோட மூணு தடவை கூப்பிடணும். பதில் வரக்கூடாது” என்றது ஒன்பதாம் வகுப்பு.

எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. வயது ஏற ஏற வரையறை கெட்டிப்படுகிறதே! தாளாளர் மலைத்துப்போயிருப்பார் என்ற நினைப்பில், “சொன்னாப் போதாது மக்கா, செஞ்சு பாக்கணும். யாரு தூங்கப்போறது?” என்று குரலை உயர்த்தினேன்.

மூன்றாம் வகுப்பு வள்ளி கடைசி வரிசையைக் கைகாட்டினாள். “டீச்சர், அங்கன தூங்குதாவ!”

கல்யாண வீட்டுப் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்த தாளாளர், நாற்காலியில் தலை சாய்த்திருந்தார். “ஏட்டி, சும்மா இரு” என்று நான் சொல்வதற்குள், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சடையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே பிடித்துவிட்டாள். இதழ் ஆடியது. ஒன்பதாம் வகுப்பு மரியாதையாக மூன்று தடவை “ஐயா” என்றது. பதில் இல்லை. ஹாலே கைதட்டியது. அந்தச் சத்தத்தில்தான் மனிதர் விழித்தார்.

“நான் எங்க தூங்குனேன்? கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன். டீச்சர், நீங்களே சொல்லுங்க, நான் தூங்குனேனா?”

மூன்று வகுப்பும் என் வாயையே பார்த்தன. ‘இல்லை ஐயா’ என்றால் வேலை நிச்சயம். ஆனால் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன்: “வரையறைப்படி தூங்குனீங்க ஐயா. மத்தபடி எனக்குத் தெரியாது.”

வேலை போனது. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் ஆனது. (இப்போது திருவேங்கடத்தில் வேறு பள்ளி. உதாரணத்துக்கு உப்பு கரைவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் என் வீட்டுக்காரர் சோபாவில் குறட்டை விடுவார். கேட்டால், “எங்க தூங்குதேன்? யோசிக்கேன்” என்று மறுபடி கண்ணை மூடுவார். கதை தெரிந்த என் மகள் பிச்சி இதழோடு வந்து அவர் மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

“அம்மா, வரையறைப்படி அப்பா தூங்குதாவ. உள்ளதைச் சொல்லிரட்டுமா, இல்ல ஒனக்கு இந்த வீட்டு வேலையாவது நிரந்தரமாகணுமா?”