ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சேலம்

வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே கோடு போட்டிருந்தால் அதன் மேல் ஏதோ ஒன்று ஓடும் என்று நம்புகிற ஆள் நான். இன்னும் முழுசாகத் திருந்தவில்லை.

சில வருடங்களுக்கு முன் வடக்கே ஜகதல்பூர் பக்கம், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரி ஒன்றுக்கு மேனேஜராக இருந்தேன் (மேனேஜர் என்றால் டீசல் வாங்கி வருகிறவன்). அக்கா போன் செய்தாள்.

"வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் காதுகுத்து. நீ வந்தாத்தான் சாமி."

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

போனில் தேடினேன். ஜகதல்பூர் விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி என்றது ஓர் இணையப் பக்கம். கூடவே நீலக்கோடு ஒன்று. லாரியில் ஒன்றரை நாள் குலுங்குகிற தூரம்! கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மேட்டூர் அணை தட்டில் ஊற்றிய பால் போல அசையாமல் கிடந்தது. மேச்சேரி ஆடுகள் செம்புள்ளிகளாக நகர்ந்தன. சங்ககிரி மலையை ஜன்னல் வழியே தொட்டுக்கூடப் பார்த்தேன்.

"ஒன்னே முக்கா மணி நேரந்தாங்க்கா. இட்லி ஆறறதுக்குள்ள வாரேன்."

வியாழன் காலை சலவைச் சட்டையோடு விமான நிலையம் போனேன். டிக்கெட் எடுக்கவில்லை. ராசிபுரம் பஸ்ஸுக்கு முன்கூட்டியா டிக்கெட் எடுக்கிறோம்? ஏறினால் கண்டக்டர் தரப்போகிறார்.

வாசல் காவலர் என் போனை வாங்கிப் பார்த்தார். அந்த இணையப் பக்கம் தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுமாம், அவ்வளவுதான். சேலத்துக்கு இங்கிருந்து விமானமே கிடையாதாம். இந்தி அரைகுறையான எனக்கும் புரிகிற மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஓடுபாதைக்கு மேலே ஒரு மேகம் மட்டும் தெற்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்புகிற ரிக் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு அக்காவுக்குச் சொன்னேன். பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரப் பெரியம்மா என்னைப் பார்த்ததும் வீலென்று கத்தி, பந்தியை விட்டே ஓடினார்.

வேறு யார் மடியிலும் உட்கார வைக்க அக்கா சம்மதிக்கவில்லையாம். நாற்காலியில் என் போட்டோவை வைத்து, அதன் முன்னால் பாப்பாவை உட்கார வைத்தே காது குத்தியிருக்கிறாள். தாய்மாமனுக்கு மாலை போடுவது முறையாயிற்றே, போட்டோவுக்குப் பெரிய ரோஜா மாலையும் போட்டிருக்கிறாள்.

"வந்தவங்க பூராம் துக்கம் விசாரிச்சாங்கடா," என்றாள் அக்கா. "எனக்கிருந்த கோவத்துல, ஆமாங்கன்னுட்டேன்."

சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பெரியம்மா மட்டும் கிட்டவே வரவில்லை.

பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு. போன வாரம் நான் பால் பாக்கெட்டோடு திரும்பியபோது, காதுகுத்து ஆல்பத்தைத் தோழிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் எங்க மாமா. செத்துப் போயிட்டாரு. இப்ப பால் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு."