ஐநூறு பேர் உட்காரும் கார்

முத்தியால்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள புஷ்பமேரி அக்காவுக்கு,

மரியே வாழ்க. காரைக்காலில் நீயும் மாமாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கும் எல்லாரும் சுகம், என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் மாமனாரின் விசிலை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். டவுனிலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு ரயில் விட யோசிக்கிறார்களாம், மக்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மனிதர் பச்சைத் துண்டும் விசிலுமாக வாசலில் நின்று, போகிற ஆட்டோவையெல்லாம் வழியனுப்புகிறார். விமான நிலையம் ஸ்கூட்டரில் பத்து நிமிடம் என்றால் காதில் விழுவதில்லை. பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பிகள் மூன்று பேரும் ஆறு வருடமாக வரவில்லை, சென்னையில் இறங்கி டாக்ஸியில் வந்தால் இடுப்பு போகிறதாம். இங்கேயே இறங்கி ரயிலேறினால் குடும்பத்தோடு பதினான்கு பேரும் நம் தெருவில் வந்து நிற்பார்கள் என்பது இவர் கனவு. பதினான்கு பேருக்கும் மீன் குழம்பு வைக்கப்போவது யார் என்பது கனவில் வரவில்லை.

பி.ஏ. படித்த பாவத்துக்கு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"எழுது ஜோவிதா. எங்க தெரு முனையில ஒரு கார் வேணும். ஐநூறு பேர் உக்கார்ற மாரி."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். பிரெஞ்சில் ரயில் நிலையத்துக்கு 'கார்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுப் பழகியதில் எனக்கும் உறைக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். தெருவே கையெழுத்துப் போட்டது.

நேற்று அருள்முருகன் என்று ஓர் அதிகாரி மனுவோடு வந்துவிட்டார்.

"ஐநூறு பேர் உக்கார்ற காரு எந்தக் கம்பெனில வருதுங்க ஐயா?"

"கம்பெனி என்னாத்துக்கு? கவர்மெண்டு கட்டணும்."

"காரையா?"

"பின்ன? மேல ஓடு போட்டு, முன்னாடி பெரிய கடியாரம் வச்சி."

"கடியாரம் காருக்குள்ளயே இருக்கும் ஐயா."

"உள்ள வச்சா ரோட்ல போறவனுக்கு எப்பிடிப்பா தெரியும்? ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ரெண்டு கக்கூசும் வேணும்."

அருள்முருகன் என்னைப் பார்த்தார். பிறகு 'கார் நிறுத்துமிடம் கேட்கிறார்கள்' என்று எழுதிக்கொண்டு, திருத்தம் இருந்தால் புதன்கிழமைக்குள் கொடுக்கச் சொன்னார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பினேன். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை அக்கா, என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதே. கார் காராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் எல்லாரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் தங்கை
ஜோவிதா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கவரை ஒட்டும்போது மாமனார் கடைசித் தம்பியோடு போனில் பேசுவது கேட்டது. "டேய், இனிமே இடுப்பு கிடுப்புன்னு சொல்லாத. கார் வரப்போவுது. எல்லாம் நம்ம ஜோவிதா எழுதுனதுதான். நீங்கள்லாம் எப்ப வருவீங்கன்னு என்னவிட அதுதான்டா ஏங்குது."

நாளைக் காலை ஆபீஸ் திறந்ததும் போய், 'கார்' என்பதை அடித்துவிட்டு 'ரயில் நிலையம்' என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். மாமனாரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதற்குக் கீழே நானாகச் சேர்க்கப்போகும் வரியையும் சொல்ல வேண்டிவரும்: 'பயணிகள் அங்கேயே தங்கிக் குளித்துச் சாப்பிட, பதினான்கு கட்டிலோடு ஓர் அறையும் வேண்டும்.'