ரெங்கராஜ் ஃபில்டர் வாங்குகிறார்

பொருள் வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் நம் நடுவே நடமாடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் தீர விசாரிப்பவர். இவர் காந்தி மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் வாங்கப் போனால், ஏழு கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து, எந்த ஊரில் விளைந்தது, என்ன உரம் போட்டது, லாரி எத்தனை மணிக்கு வந்தது என்றெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் நல்ல காய் எல்லாம் விற்றுப்போய், முகமெல்லாம் வெளிச்சமாக வீடு திரும்புவார். பை காலிதான். ஆனால் ஏமாறவில்லை, பாருங்கள்!

ஜெயக்குமார் இந்த இனத்தை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தது பிப்ரவரிக் கடைசியில், ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடியில். துறையூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தான்; அவன் வீட்டில் முதல் பட்டதாரி; சொந்தமாக ஏ.சி. சர்வீஸ் நடத்துகிறான். பைக்கின் முன்னால் ‘ஜெயக்குமார், பி.இ.’ என்று ஒட்டியிருக்கும். படித்தவன் ஒட்டாமல் வேறு யார் ஒட்டுவது?

கதவைத் திறந்தவர் ரெங்கராஜ், ஓய்வுபெற்ற அதிகாரி. உள்ளேயிருந்து வந்த தும்மல் அவர் மனைவி சுபலட்சுமி டீச்சருடையது. ஒரு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது, பாடம் நடத்தத் தொண்டையும் இல்லை. டாக்டர், “தூசு அலர்ஜி. ஏ.சி. ஃபில்டர கவனிங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜெயக்குமார் ஏ.சி. மூடியைத் தூக்கி வலையை உருவினான். தூசு கம்பளிபோல் வந்தது.

“சார், இத குழாய்ல காட்டி அலசி, நிழல்ல காய வச்சு மாட்டுனா போதுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா.”

ரெங்கராஜ் சிரித்தார். அது எல்.கே.ஜி. பிள்ளையைப் பார்த்து ஹெட்மாஸ்டர் சிரிக்கிற சிரிப்பு.

“கழுவுறதா? தம்பி, மைக்ரான்னா என்னன்னு தெரியுமா?”

“மெக்கானிக்கல் படிச்சிருக்கேன் சார்.”

“படிச்சிருப்பீங்க. விசாரிச்சிருக்கீங்களா?”

“ஏங்க, அந்தத் தம்பி கழுவித்தான் குடுக்கட்டுமே...” என்ற டீச்சரின் வாக்கியம் மூன்று தும்மலில் முடிந்தது.

“இரு சுபா. அவசரப்பட்டா ஏமாந்துடுவோம்.”

வலையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, ‘சாம்பிள்’ என்று பீரோவில் வைத்துவிட்டார். பிறகு தொடங்கியது விசாரணை. நோட்டில் பத்தி பிரித்துக் கோடு போட்டார். சிங்கப்பூரிலிருக்கும் மச்சினன் மகனை அவன் ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டார். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதிலாகப் பஞ்சு ஃபில்டர், கரி ஃபில்டர், ஹெப்பா ஃபில்டர் என்று படம் படமாகப் போட்டார். கம்பெனி நம்பருக்குப் போன் செய்து, பேசிய பெண் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற வரைக்கும் பேசினார்.

“முடிவாச்சா?” என்பார் டீச்சர்.

“ரெண்டுல வந்து நிக்குது.”

மறுநாள், “ரெண்டுதானே?”

“அஞ்சாயிருச்சு.”

இப்படி மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அந்த ஏ.சி. ஃபில்டரே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இங்கே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடைசியில் டவுனில் ஏ.சி. சாமான் விற்கிற ஹாலித் கடைக்குப் போனார். இந்த இனத்துக்குக் கடையில் கேட்க ஒரே கேள்விதான்: “இதவிட நல்லது இருக்கா?” காட்டினால், “அதவிட?” ஹாலித் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, பரணுக்கே ஏறிவிட்டார்.

“இதுக்கு மேல ஒண்ணும் இல்ல சார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போடுற சாமான். வீட்டு ஏ.சி. தாங்காது.”

வாங்கிவிட்டார். வெட்டி, மூன்று மடிப்பாக மடித்து, தம் கையாலேயே மாட்டினார்.

நாலாம் நாள் ஏ.சி.யில் காற்றே வரவில்லை. ஜெயக்குமார் போனபோது ரெங்கராஜ் கவலையாக இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளைபோல் நின்றார். கையில் கன்னங்கரேலென்று ஃபில்டர்.

“பாத்தீங்களா! நாலே நாள்! நாம இழுக்குற காத்து இதான் தம்பி. எல்லாம் காவிரிப் பாலத்து வண்டிப் புகை. கார்ப்பரேஷனுக்கு மனு எழுதிட்டேன், மாடிக்கு மாடி கையெழுத்தும் வாங்கிட்டேன்.”

ஜெயக்குமார் ஃபில்டரை வாங்கி மோந்து பார்த்தான். இன்னொரு தடவை மோந்து பார்த்தான்.

“சார்... நேத்து வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்டீங்களா?”

“போடாம? வாராவாரம். இந்த ரூம்லதான்.”

“ஜன்னலத் தொறந்து வச்சா?”

“சாத்திட்டு, ஏ.சி.யப் போட்டுட்டு! புகை கிருமியக் கொல்லும், ஏ.சி. அத மூலை மூலைக்கும் கொண்டுபோகும். கம்ப்யூட்டர் சாம்பிராணியெல்லாம் இல்ல, தணல்ல அள்ளிப் போடுற அசல். ரெண்டு மாசமாச் செய்யுறேன். நல்லா விசாரிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன்.”

டீச்சர் கணவரைப் பார்த்தார். தும்மல்கூட நின்று பார்த்தது.

“சாம்பிராணிய நிறுத்திருங்க சார்,” என்றான் ஜெயக்குமார். “பழைய வலையக் குடுங்க, கழுவி மாட்டிடுறேன். இன்னிக்கே டீச்சர் தூங்குவாங்க.”

ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ரெங்கராஜ் நோட்டை எடுத்தார். புதுப் பக்கம் புரட்டினார்.

“அப்ப, புகை கம்மியான சாம்பிராணி எதுன்னு பாக்கணும். கொஞ்சம் விசாரிக்கணும்.”

டீச்சர் எழுந்து போய்ப் பையில் நாலு புடவை வைத்தார்.

“நீங்க நிதானமா விசாரிங்க. நான் கே.கே. நகர்ல எங்க அக்கா வீட்டுல தூங்கிக்கிறேன்.”

“அங்க ஏ.சி.யே இல்லியே சுபா!”

“அதான் போறேன்.”

இதுவரை சிரித்தீர்கள். நல்லது. இப்போது எழுந்து போய் உங்கள் வீட்டு ஏ.சி. வலையை உருவிக் குழாயடியில் காட்டினீர்களானால் நீங்கள் தப்பித்தீர்கள். அதற்கு முன்னால், எந்தப் பிரஷ்ஷால் தேய்ப்பது நல்லது, ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போனை எடுத்தீர்களா? அப்படியானால் வீட்டில் யாராவது பையில் துணி வைக்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுத்தேர்வு முடிந்து விடைத்தாளும் திருத்தியாகிவிட்டது. ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். சாம்பிராணி நாலில் வந்து நிற்கிறது. சுபலட்சுமி டீச்சர் கே.கே. நகரில் இருக்கிறார். நன்றாகத் தூங்குகிறார்.