தங்கை பேரில் வில்லங்கம் தேடிப் போனது

அடி அண்ணாமலை,
4.1.2004

அன்புத் தங்கை ஆதிலட்சுமிக்கு உன் அண்ணன் ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணி பாஞ்சாலையும் மாடு இரண்டும் சுகம். கீழ்பென்னாத்தூரில் நீயும் மாப்பிள்ளை அப்பாதுரையும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆகவேண்டும், கேட்டுவிட்டேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

விஷயம் இதுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் நம் வாசலை அடைத்துக்கொண்டு போகிறதே, மாடியில் ரெண்டு ரூம் போட்டால் வருகிறவர்கள் தங்குவார்கள் என்று பேங்கில் லோன் கேட்டேன். மேனேஜர், வீடு யார் பேரில் இருக்கிறது என்றார். "எங்க தாத்தா கட்டின வூடு சார், ஊர்ல யாரை வேணா கேளுங்க" என்றேன். ஊரையெல்லாம் கேட்க முடியாதாம். பட்டா வேண்டுமாம், மூலப் பத்திரம் வேண்டுமாம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று வேண்டுமாம். அலைந்தேன் பார், அப்படி ஓர் அலைச்சல். கிராம நிர்வாக அலுவலர் தாலுக்கா ஆபீசுக்குப் போ என்றார், தாலுக்கா ஆபீசில் அவரிடமே போ என்றார்கள். முப்பது வருஷம் கண்டக்டராக நின்று "உள்ள போ, உள்ள போ"ன்னு ஊரையே அதட்டினவன் நான். என்னை ஒரு சின்னப் பெண் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து "கொஞ்சம் வெளிய நில்லுங்க பெரியவரே" என்றாள். நின்றேன். வேறென்ன செய்வது? பட்டா தாத்தா பேரிலேயே இருக்கிறது, அவர் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். குறுக்கு வழி என்று கூட்டத்துக்கு எதிரே நடந்து வந்தேன். வருகிறவன் போகிறவனெல்லாம் "மலையை இந்தப் பக்கமா சுத்தக் கூடாது சாமி"ன்னு புத்தி சொன்னான். "நான் மலையைச் சுத்தலைய்யா, தாலுக்கா ஆபீசைச் சுத்தறேன்" என்று ஒவ்வொருவனிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோச்சு.

முதலில் வந்த வில்லங்கச் சான்றில் ஒரு அடமானம் இருந்தது. அப்பாதான் வீட்டை அடகு வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ரெண்டு நாள் அவர் போட்டோவைப் பார்த்துத் திட்டினேன். போட்டோவில் இருந்த மாலையைக்கூடக் கழற்றிவிட்டேன். கடைசியில் பார்த்தால் அது எதிர்வீட்டு மனை. சர்வே நம்பரைத் தப்பாக எழுதிக் கொடுத்தது நான்தான். "விசாரிக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்றதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்றாள் உன் அண்ணி. எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று அரசாங்கம் சட்டம் போட்டதற்கு அடுத்த வருஷம்தானே உனக்குக் கல்யாணம். அன்றையிலிருந்து டீக்கடையில் ஆளாளுக்கு "தங்கச்சி பங்கு கேக்கப் போவுது, உஷாரா இரு"ன்னு என் காதில் ஓதினார்கள். அப்பா போன பிறகு, தொண்ணூத்தி மூணு பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் உன்னையும் மாப்பிள்ளையையும் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், வீட்டில் பாதியைத் தன் பேருக்குப் பதிந்துகொண்டு போகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை உன்னைக் கேட்டேனா? கேட்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு வரவில்லை. அதற்கு அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. ஒருநாள் நீ என் பஸ்ஸிலேயே ஏறினாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டேன், ஊர் பேர் தெரியாதவளைக் கேட்கிற மாதிரி. நீ சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

போன புதன்கிழமை சரியான நம்பருக்கு வில்லங்கச் சான்று வந்தது. தொண்ணூத்தி மூணில் ஒரே ஒரு பதிவு, அதில் உன் பேர். "பாத்தியாடி, நான் சொன்னனா இல்லையா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். உன் அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "எழுதிக் குடுத்தவங்க ஆதிலட்சுமி. எழுதி வாங்கினவரு ராஜமாணிக்கம்னு போட்டிருக்குது. அது யாருங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நகல் வாங்கினேன். விடுதலைப் பத்திரம். பணம் காசு எதுவும் வாங்காமல், அண்ணன் மேல் உள்ள அன்பின் பேரில் உன் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய். அதை எழுதின பத்திர எழுத்தர் தருமன் இன்னும் பதிவு ஆபீஸ் வாசல் மரத்தடியில்தான் மேசை போட்டிருக்கிறார். அவருக்கு உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அண்ணன் கிட்ட இப்ப சொல்லாதீங்கன்னு சொல்லுச்சுங்க அந்தப் பொண்ணு. பொங்கலுக்கு அவரு வரிசை எடுத்துட்டு வருவாரு, தட்டை வாங்கிக்கினு பதிலுக்கு இதை வெச்சுக் குடுக்கணும்னு சொல்லுச்சு. மஞ்சள் தடவி வேற வாங்கிட்டுப் போச்சுங்க. நீங்கதான் அந்த அண்ணனா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை ஆதி. வெட்கமாக இருந்தது. தெரிந்தவர் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பதினோரு பொங்கல் போயிற்று. வாசலைப் பார்த்துப் பார்த்து உன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? ஒரு கார்டு போட்டிருக்கலாமே என்று உன்னைக் கேட்க நினைத்தேன். நான் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு அப்புறம் எவள் எழுதுவாள்? நானாக இருந்தால் அந்தப் பத்திரத்தைத் திரும்ப ரத்து பண்ணியிருப்பேன். நீ பண்ணவில்லை. நேற்று நேரிலேயே வரலாம் என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் "எங்க போவணும்?" என்று கேட்டான். எழுந்து இறங்கிவிட்டேன். அதனால்தான் கடிதம்.

இந்தப் பொங்கலுக்கு வருகிறேன். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், புடவை எல்லாம் உன் அண்ணி எடுத்துவைத்துவிட்டாள். கதவைத் திறந்தால் உள்ளே வருகிறேன், திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். ஒன்றை மட்டும் நான் தலைநிமிர்ந்து சொல்லுவேன்: எவ்வளவு கோபம் இருந்தாலும் கோர்ட்டு, வக்கீல் என்று கூடப்பிறந்தவளைத் தெருவுக்கு இழுக்கிற புத்தி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அண்ணாமலையார் உன் வீட்டில் எந்தக் குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கும் அண்ணன்,
ராஜமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை உன் அண்ணி வாங்கிப் படித்துவிட்டாள். வக்கீலைப் பற்றி மேலே எழுதியது பொய். வில்லங்கச் சான்று வருவதற்கு ரெண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, ஒரு வக்கீலைப் பிடித்து உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். பதினைந்து நாளுக்குள் உன் பாகத்தை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று அதில் இருக்கிறது. பதில் வக்கீலுக்குப் போடாதே ஆதி, எனக்குப் போடு. திட்டியே எழுது, ஆனால் அண்ணா என்று ஆரம்பித்துத் திட்டு.