நம்ம வீட்டு மனுஷர்

“சார், நீங்க கீழ போய்க்கிட்டு இருக்கீங்க” என்றாள் ஆராய்ச்சி மாணவி, தயங்கித் தயங்கி.

பேராசிரியருக்கு அது தெரியாமல் இல்லை. அவருடைய சுழல் நாற்காலிக்கு வயதாகிவிட்டது. உட்காரும்போது நல்ல உயரத்தில்தான் இருக்கும். பேசப் பேச, பொறுமையாகக் கீழே இறங்கும். மாணவி முதல் சந்தேகத்தைக் கேட்டபோது அவருடைய சட்டைப் பை மேஜைக்கு மேலே தெரிந்தது. இப்போது மூக்குக்கண்ணாடி மட்டும்தான் மிச்சம். விலைவாசி ஏன் ஏறுகிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததால் அவள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

வீட்டில் விஷயம் வேறு திசையில் போனது. அவருடைய மனைவி அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஊழியர் சங்கத்தின் செயலாளரும் கூட.

“சங்கத்துல சொல்லட்டுமா? இப்போ ஆசிரியர்களும் சேரலாம்னு ஆயிடுச்சு. உங்க துறையில நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

“ஒரு நாற்காலிக்குக் கொடி பிடிக்கணுமா? டீன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. படிச்சவங்க வேலை பார்க்கிற இடம். பேசித் தீர்த்துக்கலாம்.”

“நாங்களும் பேசத்தானே செய்யறோம். சேர்ந்து பேசறோம்.”

அவருக்குச் சங்கத்தின்மேல் இருந்த கோபமெல்லாம் கொள்கைக் கோபம் என்றுதான் ஊரில் பேச்சு. உண்மை அதுவல்ல. அவள் செயலாளர் ஆனதிலிருந்து சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. தானே காப்பி போட்டு, தானே குடித்து, தன்னிடமே அதைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ இல்லாமல் போரடிக்கிறது என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், சங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“வர்ற பொதுக்குழுவுக்குள்ள எனக்கு நாற்காலி வந்துட்டா?” என்றார் விடாமல்.

“நான் செயலாளர் பதவியை விட்டுடறேன். வரலேன்னா நீங்க சங்கத்துல சேரணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தப் பதவி அவளுக்கு உயிர். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சரி என்றார்.

மறுநாள் டீன் அறைக்குப் போனார். அவர் தலையைக் கண்டதும் டீன் மேஜைக்குப் பின்னால் நின்றபடியே கை கூப்பினார். சுவரோரம் தரையோடு பொருத்தியிருந்த இருக்கை வரிசையைக் காட்டி உட்காரச் சொன்னார். தான் மட்டும் உட்காரவில்லை. பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இதுக்கெல்லாம் நேர்ல வரணுமா? நீங்க நம்ம வீட்டு மனுஷராச்சே” என்ற டீன், நின்றபடியே குனிந்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாளே இரண்டு பேர் வந்தார்கள். பழைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“புதுசு எங்கப்பா?”

“எங்களுக்குத் தூக்கத்தான் சார் உத்தரவு. போடறதுக்கு வேற ஆளு.”

வேற ஆளு வரவில்லை. பேராசிரியர் ஜன்னல் விளிம்பில் சாய்ந்தபடி விடைத்தாள் திருத்தினார். மறுபடி டீனைப் போய்ப் பார்த்தார். டீன் மறுபடி நின்றபடி வரவேற்று, வருத்தப்பட்டு, உத்தரவிட்டார். இந்த முறை நாற்காலி வந்தது. தேர்வுக்கூடத்து நாற்காலி, எழுதும் பலகை வைத்தது. பலகைக்கும் பேராசிரியரின் வயிற்றுக்கும் ஒத்துவரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே போய்விட்டார். வெளியே வர ஆராய்ச்சி மாணவியும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டியிருந்தது.

“ரொம்ப நெருக்கமா இருக்குங்க” என்று மூன்றாவது தடவை டீனிடம் முறையிட்டார்.

“அப்படியா? உடனே கவனிக்கறேன். நம்ம வீட்டு மனுஷருக்கு நெருக்கடியா?”

டீன் கவனித்தார். நெருக்கமாக இருப்பது அறைதான் என்று புரிந்துகொண்டு, பேராசிரியரை மாடிப்படிக்கு அடியிலிருந்த பெரிய அறைக்கு மாற்றிவிட்டார். அது தட்டுமுட்டுச் சாமான் கிடங்கு. கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் நாற்காலிகள். கால் போனது, கை போனது, முதுகு போனது. அடியில் அவருடைய சுழல் நாற்காலியும் மல்லாந்து கிடந்தது. இத்தனை நாற்காலிக்கு நடுவே பேராசிரியர் நின்றுகொண்டே பாடக்குறிப்பு எழுதினார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது, உட்கார முடியவில்லை.

“என்னங்க இது?”

“நின்னு சாப்பிட்டா ஜீரணம் ஆகும்.”

அந்த வாரம்தான் மனைவியின் நூலகத்தில் எல்லாருக்கும் புது நாற்காலி வந்திருந்தது. சங்கம் கேட்டு வாங்கியது. அதைச் சொல்லிக் குத்திக் காட்டியிருக்கலாம். அவள் தைலத்தை எடுத்து வந்து, அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் தேய்த்துவிட்டாள். அவருக்கு இதமாக இருந்தது. பந்தயத்தில் தோற்றாலும் பரவாயில்லை, இவள் பதவியை விட்டுவிட்டால் இவள் முகம் என்னமாய் வாடிப்போகும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

“நாளைக்குப் பொதுக்குழு. ஒத்துக்கறேன், நாற்காலி வரல. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கு பாரு. நான் உள்ள போனா அந்த மனுஷன் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்ல. உங்க சங்கம் போனா எழுந்து நிப்பாரா?”

“நிக்கறாரே. நாங்க போனப்பவும் நின்னுக்கிட்டுதான் பேசினாரு.”

“அது பயம். எனக்கு நிக்கறது மரியாதை.”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் டீனின் உதவியாளர். பேராசிரியர் முதுகு வலியை மறந்து எழுந்து வந்தார்.

“பார்த்தியா? கடைசி நேரத்துல ஆள் அனுப்பியிருக்காரு. நாற்காலி விஷயமாத்தானே வந்தீங்க?”

“ஆமா சார், நாற்காலி விஷயம்தான்.”

பேராசிரியர் மனைவியைப் பார்த்தார். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் முகம் வாடியது. அதைக் கண்டதும் இவருக்கும் சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது. “இந்தாம்மா, பதவியெல்லாம் விட வேண்டாம், சும்மா சொன்னேன்” என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டார்.

உதவியாளர் அவரைத் தாண்டி அவளிடம் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மா, டீன் ஐயா நாற்காலி உடைஞ்சு ஒரு வருஷமாச்சு, மேலிடத்துல தனியாப் போய்க் கேட்டப்போ ‘நீங்க நம்ம வீட்டு மனுஷராச்சே’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம், பாவம், அன்னைலேருந்து நின்னுக்கிட்டேதான் இருக்காரு, அதான் நாளைக்குச் சங்கத்துல அவருக்கும் ஒண்ணு சேர்த்துக் கேப்பீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”